இரண்டு தட்டு

எழுபத்தெட்டாம் ஆண்டு, டில்லிக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம். ஓட்டியவன் பூவராகவன். டயர் மாற்ற நின்றவர்கள் அவனுடைய அண்ணன் மாசிலாமணியும், கிட்வாய் நகர்க்காரர்களான தர்மனும் அய்யாசாமியும்.

மாசிலாமணி காரின் பின்னால் குனிந்து ஜாக்கியால் தூக்குவார். அங்கிருந்து அவருக்குச் சக்கரங்கள் தெரியாது. அதனால் வலப்பக்கம் தர்மனும் இடப்பக்கம் அய்யாசாமியும் நட்டுகளை முறுக்கி முடித்ததும் கூரையில் ஆளுக்கு ஒரு தட்டு தட்டுவார்கள். இரண்டு தட்டு கேட்டதும் ஜாக்கியை இறக்குவார். அந்த நொடியே கார் பாய்ந்துவிடும். ஒரு தட்டு முந்திக்கொண்டால், முறுக்காத சக்கரம் வழியில் கழன்றுவிடும்.

முதல் நிறுத்தத்தில் இரண்டு தட்டு கேட்டது. மாசிலாமணி ஜாக்கியில் கை வைத்தார்.

"அண்ணே, இருங்க! நான் இன்னும் தட்டல!" என்று அய்யாசாமி கத்தினான்.

"நான் ஒரு தடவதான் தட்டுனேன்," என்றான் தர்மன்.

மூன்றாவது தட்டுக்குப் பிறகே இறக்கினார்.

"வெயில் அண்ணன் மண்டையில ஏறிடுச்சு. யாராச்சும் குடிக்க நிம்பு பானி குடுங்கப்பா," என்று தர்மன் சிரித்தான்.

மாசிலாமணி சிரிக்கவில்லை. "இனிமே தட்ட வேணாம். வாயால 'ஆச்சு'ன்னு சொல்லுங்க. உங்க குரல் எனக்குத் தெரியும்."

அடுத்த நிறுத்தம். "ஜல்தி, அண்ணே!" என்றான் பூவராகவன். வலப்பக்கமிருந்து தர்மன், "ஆச்சு!" என்றான். இடப்பக்கமிருந்து அய்யாசாமியின் குரல், தெளிவாக, "ஆச்சு, அண்ணே!" என்றது.

மாசிலாமணி இறக்கினார். கார் பறந்தது.

புழுதி அடங்கியபோது அய்யாசாமி இடப்பக்கம் மண்டியிட்டபடியே இருந்தான். கண்கள் விரிந்திருந்தன. மாட்ட வேண்டிய நான்கு நட்டுகளும் அவன் பற்களுக்கு நடுவே இருந்தன.