பாட்டு இல்லாத வீடியோ

பொன்னழகை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அவர் மகள் தமிழ்மதியின் கல்யாணத்தில். ஆத்தூர் மண்டப வாசலில் நின்று, வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மறு மாதமே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

இப்போது தமிழ்மதி, மாமனார் ராமரோடு நாகல் நகரில் ஆண்டனிராஜின் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீடியோ எடுத்தவன் ஆண்டனிராஜ்தான்.

“நீங்க குடுத்த வீடியோ முழுக்க சினிமாப் பாட்டுதாண்ணே ஓடுது. எங்கப்பா வாய் அசையுது, சத்தம் இல்ல. பாட்டு போடாத வீடியோ உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? அது போதும்.”

பொன்னழகு கடைசிவரை பட்டன் போன்தான் வைத்திருந்தார். அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

“கம்ப்யூட்டரே எந்திரிக்கலம்மா” என்றான் ஆண்டனிராஜ். “டிஸ்க் செத்துருச்சு. போனது போனதுதான்.”

ராமர் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

“இதையே எத்தன தடவப்பா சொல்லுவ? தகப்பனப் பறிகொடுத்த பிள்ள, ஒரு வார்த்த கேக்கணும்னு நடையா நடக்குது. உனக்கெல்லாம் ஈரமே கிடையாதா?”

பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் நான். ராமர்தான் என்னைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் மெஷின் எழும்பும். வீடியோக்கள் தனிப் பகுதியில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பென்டிரைவைச் செருகினேன். எந்த டிஸ்க்கில் ஏற்ற வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. அதில் ஒரு டிஸ்க்கும் இல்லை.

“பாத்தீங்களா? நான்தான் சொன்னேன்ல” என்றான் ஆண்டனிராஜ். அவன் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு அது பிடிக்கவில்லை.

“டிஸ்க் செத்தாலும் இப்படித்தான் காட்டும். டிஸ்க்கோட பேசுற டிரைவர் சாஃப்ட்வேர் இல்லேன்னாலும் இப்படித்தான் காட்டும். புது மெஷின்கள்ல இது நடக்குறதுதான். டிரைவரை ஏத்திப் பாப்போம்.”

“வேணாம்ணே. மத்தவங்க வீடியோவும் சேந்து போயிரும்.”

“போகாது.”

“இது என் கடை மெஷின். நான் வேணாங்குறேன்.”

“வேல பாக்குறவர விடுறா!” என்று ராமர் அதட்டினார்.

என் மனைவி இறந்தபின் அவள் குரலை நானும் தேடியிருக்கிறேன். என் கடைக்குப் போய் டிரைவரை இறக்கிக்கொண்டு வந்தேன். ஏற்றினேன். பொருந்தவில்லை. திரை அப்படியே வெறுமையாக இருந்தது. தமிழ்மதி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதே டிரைவரின் பழைய பதிப்பைக் கொடுத்துப் பார்த்தேன். டிஸ்க் வந்து நின்றது.

“அப்பா இருக்காரா?” என்றாள் தமிழ்மதி.

விண்டோஸ் ஏறி முடிந்தது. ஆண்டனிராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோவை ஓட்டினான். ஓரிடத்தில் நிறுத்தினான். ஹெட்போனைக் கழற்றி ராமரிடம் நீட்டினான்.

“அண்ணே, மொதல்ல நீங்க கேளுங்க.”

ராமர் சிரித்தபடி மாட்டிக்கொண்டார்.

“டிஸ்க்கு செத்துருச்சுன்னு என்னா நடிப்பு நடிச்சான் பாத்தியாம்மா…”

சிரிப்பு பாதியில் நின்றது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

“வெறும் இரைச்சல்தாம்மா. வா, போவோம்.”

“குடுங்க மாமா, நானும் ஒரு தடவ கேக்குறேன்.”

ஆண்டனிராஜ் சட்டென்று வயரை உருவினான்.

“வேணாம் தாயி. சத்தமே பதியல. எந் தப்புதான்.”

“அப்ப இத்தன நாளா சொன்னதெல்லாம் பொய்தான? தொழில் தெரியலேன்னா எதுக்குண்ணே கல்யாண வீட்டுக்கு வாரீங்க?”

அழுதுகொண்டே படியிறங்கினாள். ராமர் இந்த முறை அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் அவள் பின்னால் போனார்.

“ஏலே, மனுசனா நீ?” என்றேன்.

அவன் வயரைச் செருகி, ஹெட்போனை என் கையில் கொடுத்தான்.

திரையில், மணவறையில் தமிழ்மதி தோழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். காதில் பொன்னழகின் குரல். தாரை வார்க்கும்போது பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று சட்டையில் குத்தியிருந்த வயர்லெஸ் மைக்கோடு, எங்கோ உள்ளறையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி, உங்க காலப் பிடிச்சுக்கிறேன். மாப்பிள்ளைய மணவறைய விட்டு எந்திரிச்சு வரச் சொல்லிராதீங்க. கார் எப்பாடு பட்டாச்சும் வாங்கிக் குடுத்துருவேன். எம்பிள்ளைக்கு மட்டும் இது தெரிய வேணாம்.”

“மத்த எடமெல்லாம் மேளச் சத்தம்ணே” என்றான் ஆண்டனிராஜ்.

பொன்னழகு பேசியதில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.