மூன்று ஐயாயிரம்

"மூணும் கள்ள நோட்டு. எங்க மாத்தின, ஜீவராணி?"

ஸரூக் கைப்பேசியை மேசைமேல் வைத்தான். திரையில் மூன்று ஐயாயிரம் ரூபாய் நோட்டுகளின் படம். மூன்றின் மேலும் சிவப்புக் கட்டம். நோட்டைப் படமெடுத்தால் நல்ல நோட்டா, கள்ள நோட்டா என்று சொல்லிவிடும் செயலி அது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவன் தம்பி மபாஸ் செய்தது. அன்று காலையில்தான் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தம்பி செய்தது என்றால் ஸரூக்குக்கு வேதவாக்கு.

லுணுகலையில் இருக்கும் ஸரூக்கின் புடவைக் கடையின் காசுப் பெட்டி இரண்டு வருடமாக ஜீவராணியின் பொறுப்பில் இருக்கிறது.

"நான் மாத்தல மொதலாளி. சாமான் வாங்குனவங்க குடுத்தத அப்படியே பெட்டியில போட்டேன்."

"ஒருத்தன் குடுத்தான்னா நம்பலாம். மூணு பேருமா கள்ள நோட்டோட வருவாங்க? நல்லத எடுத்துட்டு இத வச்சிருக்க. பொலிசுக்குச் சொல்லப் போறேன்."

பொலிஸ் ஜீப் அவள் குடியிருக்கும் தோட்டத்து லயத்து வாசலில் வந்து நின்றால் வேலை மட்டுமா போகும்? அடுத்த மாதம் நடக்கவிருக்கும் அவள் கல்யாணமும் போய்விடும்.

நாற்காலியில் இருந்த ஜௌபர் அவசரமாக எழுந்து வந்தார். ஸரூக்கின் மாமனார்.

"வாணாம் மகன். பொம்புளப் புள்ள. பொலிஸ், கோர்ட்டுன்னு அலைய விடாதீங்க. அந்தப் பதினஞ்சாயிரத்த நான் தாறேன்."

"நீங்க ஏன் மாமா தரணும்?"

"பாவம் மகன். நோட்ட அடுப்புல போட்டுட்டு இதோட மறந்துருவோம்."

இப்படியும் ஒரு மனிதரா! ஜீவராணிக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டால் திருடியதாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"எரிக்க வேணாங்க பெரிய மொதலாளி. எதுத்தாப்புல பேங்குல காட்டுங்க. கள்ள நோட்டுன்னா நானே பொலிசுக்கு வாறேன்."

"பேங்கு எதுக்கு? கடைப் பேரு கெட்டுப் போகும்!" ஜௌபர் பதறினார்.

ஸரூக் கேட்கவில்லை. வங்கிக் காசாளர் ரஜீவைத் தொலைபேசியில் அழைத்தான்.

ரஜீவ் வந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"மூணும் நல்ல நோட்டு. உங்க போன்தான் பொய் சொல்லுது. நல்ல நோட்டு இப்படித்தான் இருக்கும்னு அதுக்கு எதக் காட்டிப் பழக்குனீங்க?"

ஸரூக் அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஓர் ஐயாயிரம் ரூபாய் நோட்டை எடுத்தான்.

"இதத்தான். கசங்காத நோட்டாப் பாத்து எடுக்கச் சொன்னான் மபாஸ். என் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுல தந்த கைக்கூலிக் காசு. பரக்கத்தா காசு பெருகட்டும்னு ஒண்ண மட்டும் செலவழிக்காம வச்சிருந்தேன்."

ரஜீவ் அதையும் வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல நோட்டில் தாளுக்குள் தெரிய வேண்டிய பறவை உருவத்தைக் காணவில்லை.

"இதுதான் கள்ள நோட்டு."

ஸரூக் மெல்லத் திரும்பிப் பார்த்தான். ஜீவராணிக்காக அவ்வளவு பரிந்து பேசிய ஜௌபர், செருப்பைக்கூட மாட்டாமல் கடை வாசலில் நின்ற பதுளை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்.