கறார்க்காரியின் வரிசை

ஆளில்லாத வரிசைகள் இரண்டு இருந்தும், விமான நிலையச் சோதனையில் அந்தக் கறார்க்காரியிடம்தான் போய் நின்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். இது மட்டும் நல்லபடியாக முடிந்தால் போதும்.

“அடையாள அட்டை.”

நீட்டினார்.

“போட்டோவுல மீசை இருக்கு. மூஞ்சில காணோம்?”

“பொண்ணு எடுக்கச் சொல்லிட்டாம்மா.”

“வீட்டுக் கதையெல்லாம் இங்க வேணாம். பெல்ட், செருப்பெல்லாம் கழட்டித் தட்டுல வைங்க. சீக்கிரம்!”

பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி, வெறுங்காலோடு மறுபக்கம் கரையேறினார். பின்னால் வந்த வாட்டசாட்டமான ஆள் கொதித்துப்போனார்.

“வயசுக்கு ஒரு மரியாதை வேணாம்? புகார் எழுதுங்க சார், நான் சாட்சி!”

“ஐயையோ, வேணாம் தம்பி! அவளுக்கு இன்னிக்குத்தான் வேலையில முதல் நாள். பின்னாடி நிக்கிற மேலதிகாரி மார்க் போட்டுக்கிட்டிருக்கார். என்னைப் பார்த்துச் சிரிச்சுடுவாளோன்னு உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். சிரிக்கவே இல்லியே! என் பொண்ணு தம்பி அவ!”

ஆள் வாயைப் பிளந்தார். “அது சரி, நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?”

“டிக்கெட் இருந்தாத்தான் உள்ள விடுவாங்கன்னாங்க, வாங்கினேன்” என்றவர், அப்போதுதான் அதை எடுத்து முதல்முறையாகப் படித்தார்.