அரை இஞ்ச் மண்

"ஏ சங்கிலி, இந்த மழைக்கும் அரை இஞ்ச் போயிருக்குய்யா!"

சீனிவாசகம் சார் கம்பியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே, சங்கிலிமுத்துவின் சரிவான மானாவாரிக் காட்டில், வேளாண்மைத் துறையின் மண் அரிப்பு ஆராய்ச்சிக்காக அவர் அடித்துவைத்த நாலு கம்பிகள். கம்பி எவ்வளவு வெளியே தெரிகிறதோ, அவ்வளவு மண் மழையோடு போய்விட்டது என்று கணக்கு.

"பாழாப்போன மண்ணு சார், நிக்கவா செய்யுது!" என்றார் சங்கிலிமுத்து, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.

உண்மையில், சார் சொன்னபடி வரப்பை உயர்த்திப் புல் நட்ட பிறகு ஒரு பிடி மண்கூட நகரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் விடிய, சிரட்டையால் கம்பியைச் சுற்றிச் சுரண்டி எடுப்பவர் சங்கிலிமுத்துதான். அங்கே மட்டும் ஏன் குழிந்திருக்கிறது என்று சார் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தமட்டும் சங்கிலிமுத்து பிழைத்தார்.

வேறென்ன செய்வார், பாவம்? பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாயிற்று. மகனும் மருமகளும் கருக்கலில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினால் இருட்டித்தான் இறங்குவார்கள். ஊரே வேனேறிப் போய்விடும். பகலெல்லாம் பேச ஈ காக்காய் கிடையாது. மழைக்கு மழை சார் வந்தால்தான் வாய்க்கு வேலை. "மண்ணு அரிக்கிறது நின்னுட்டா எனக்கு இங்கன சோலி இல்லப்பா" என்று அவர் ஒருநாள் சொல்லித் தொலைத்ததில் வந்த வினை இது.

அளந்து முடித்ததும் வேப்பமரத்தடியில் சார் கொண்டுவந்த சாத்தூர் சேவும், சங்கிலிமுத்துவின் கடுங்காப்பியும். சாயங்கால பஸ் வரும்வரை பேச்சுதான்.

"ஜீப்பு என்னாச்சு சார்? இப்பல்லாம் பஸ்ஸுலயே வாறீக?"

"அது எப்பப் பாரு ரிப்பேருய்யா."

பஸ் போன பிறகு சங்கிலிமுத்துவுக்கு நெஞ்சு உறுத்தியது. படித்த மனுசனை வெயிலில் அலையவிட்டு ஏமாற்றுகிறோமே! அடுத்த மழைக்குச் சுரண்டுவதில்லை என்று முடிவெடுத்தார். எடுத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுவாரம் காட்டு முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. சார் இல்லை. கடப்பாரையோடு இரண்டு பேர் இறங்கினார்கள்.

"கம்பியப் பிடுங்கணும் பெரியவரே. இந்த ஆராய்ச்சி முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. இப்பத்தான் இரும்புச் சாமானுக்குக் கணக்குக் கேக்குறாங்க."

"முடிஞ்சிருச்சா? சீனிவாசகம் சாரு போன வாரங்கூட வந்து அளந்தாகளே!"

"யாரு, அவரா? அவரு ரிட்டயர்டு ஆகியும் ரெண்டு வருசமாச்சே! சம்சாரம் தவறினப்புறம் ஒத்தையிலதான் கெடக்காரு. யாருகிட்டயும் பேசுறதே இல்லைன்னு கேள்வி."

மூன்று கம்பிகள் ஜீப்பில் ஏறின. நாலாவதைச் சங்கிலிமுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"இது ஒண்ண மட்டும் விட்டுட்டுப் போங்கய்யா. மேக்க மழ இருட்டிக்கிட்டு வருது. நாளைக்கு அவுக வந்து எத அளப்பாக?"