நாலாவது ஸ்குரூ

படகு வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று ஜெயராஜ் நம்பிவிட்டான்.

நம்பட்டும். தங்கச்சி வாணியைக் காரிலேயே உட்காரச் சொன்னேன். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் தகட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

கிள்ளானிலிருந்து காப்பார் போகிற வழியில், ரோட்டை ஒட்டி அவனுடைய பட்டறை. வாசலில் ஐந்தாறு பழைய படகுகள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்று மட்டும் டிரெய்லரில் ஏறி நின்றது. பதினாலு அடி அலுமினியப் படகு. புதுசாகப் பச்சை பெயின்ட்.

போன தடவை நீலம்.

போன தடவை இதே ஜெயராஜிடம் இதை வாங்கியவன் விமலன். வாணியின் புருஷன். ஒன்றரை வருஷம் ஞாயிறு தவறாமல் மீன் பிடிக்கப் போனான். மார்ச் மாதத்தில் ஒரு நாள், ஆறு கடலில் கலக்கிற இடத்தில் படகுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. படகை அன்றைக்கே இழுத்து வந்துவிட்டார்கள். அவனை மூன்றாம் நாள்தான் கொண்டு வந்தார்கள்.

அந்தப் படகை யாரிடமோ பழைய இரும்பு விலைக்கு வாங்கி, பெயின்ட் அடித்து, மறுபடியும் விற்கப் போட்டிருக்கிறான் படுபாவி. 'கடலே பார்க்காத படகு' என்று போனில் விளம்பரம் வேறு. தூண்டில் கம்பு செருக விமலன் பின்பக்க விளிம்பில் போட்ட இரண்டு ஓட்டைகளைப் படத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன்.

ஓட்டைப் படகை விற்று என் தங்கச்சி தாலியை அறுத்தவன் இவன். எங்கே ஓட்டை என்று இவன் வாயாலேயே சொல்ல வைத்து, அதைப் போனில் பதிவு செய்து, நேராகப் போலீசுக்குப் போக வேண்டும். வாணியிடம் அப்படித்தான் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன்.

பதிவை ஓட விட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தே ஓ குடிக்கிறீர்களா பாஸ் என்று பால் விடாத டீயைக் காட்டிக் கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் கையால் பச்சைத் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்காது.

படகுக்குள் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம் என்றேன். உள்ளே நிரப்பினால், ஓட்டை எங்கே இருந்தாலும் கீழே சொட்டித்தான் ஆக வேண்டும்.

அவன் முகம் மாறியது. எதற்கு பாஸ், எல்லாம் செக் பண்ணியாச்சு என்று இழுத்தான். நானே போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

கணுக்கால் அளவு நிரம்பியதும் டிரெய்லருக்கு அடியில் படுத்தேன். ரிவெட் ஆணி எல்லாம் காய்ந்துதான் இருந்தது. முன்பக்கம் மட்டும் ஒரு சொட்டு. அப்புறம் வரிசையாக நாலைந்து.

கார்ச் சாவியால் பச்சை பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே ஒட்டு. உள்ளங்கையைவிடப் பெரிய ஒட்டு.

அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை. எழுந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். நான் யார், விமலன் யார், காரில் உட்கார்ந்திருப்பது யார், எல்லாம் சொன்னேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. திட்டி முடிக்கும் வரை நின்றான். பிறகு தண்ணீரை வடிய விட்டு, படகுக்குள் ஏறி, முன்பக்கத்து அடிப்பலகையைக் கழற்றித் தூக்கினான். டார்ச் அடித்துக் காட்டினான்.

பலகைக்குக் கீழே அலுமினியம் சதுரமாகக் கரைந்து போயிருந்தது. அளந்து வெட்டியது மாதிரி நாலு பக்கமும் நேராக இருந்தது.

மேசை டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தான். சாமி சமாச்சாரம், தூக்கிப் போட மனசு வரவில்லை என்றான். பிரித்தேன். செப்புத் தகடு. களிம்பு ஏறியிருந்தாலும் நடுவில் வேல் தெரிந்தது.

"சத்தியமா நான் விக்கிறப்ப இது இல்லண்ணே. அப்புறமா யாரோ பலகைய கழட்டி அடியில வச்சிருக்கான். செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணில ஒண்ணா கெடந்தா அலுமினியத்த அரிச்சுத் தின்னுரும்லா. வச்சவன் மடையன். இந்தப் பலகையப் பாருங்க, நாலாவது ஸ்குரூவ கோணலா ஏத்தி மூலையவே பொளந்து வச்சிருக்கான்."

பார்த்தேன்.

முதுகுக்குப் பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வாணி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். படகுக்குள் இருந்த அந்தச் சதுரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரு பண்ண வேலைண்ணே இது?"

அந்த நாலாவது ஸ்குரூ அன்றைக்கே கோணலாகத்தான் ஏறியது. கழற்றி மறுபடி ஏற்றுகிறேன் என்றேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த விமலன், போதும் விடு மச்சான், முருகன் கோவிச்சுக்க மாட்டார் என்று சிரித்தான். இதெல்லாம் எதுக்கு என்றுதான் முதலில் அவன் சொன்னான். என் தங்கச்சி தாலிக்கு ஒரு காவல் இருக்கட்டும்டா என்று வம்படியாக வைத்தது நான். கோயிலில் இரண்டு தகடு வாங்கினேன், படகுக்கு ஒன்று, காருக்கு ஒன்று.

பையிலிருந்து போனை எடுத்தேன். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தாமல் வாணியின் கையில் கொடுத்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தேன்.