தகரக் குரல்

ஜஸ்டின் அந்தப் பாட்டைப் போட்டதும் மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் பந்தலுக்கு நடுவில் வந்து கையைக் காலை மடக்கி மடக்கி ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

நிச்சயதார்த்தத்தில் போடுகிற பாட்டா அது?

நாற்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பாட்டு. மேளமும் மெஷின், பாடுகிறவன் தொண்டையும் மெஷின். சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்த கேசட்டில் அதைக் கேட்ட நாளிலேயே ஜஸ்டினின் அப்பா ஞானராஜுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. டேபிள் ஃபேன் முன்னால் வாயை வைத்து, அந்தக் குரல் வருமா வருமா என்று மாதக்கணக்கில் கத்திப் பார்த்தார். ஆவூரில் பள்ளி ஆண்டு விழாவில் அதற்கு ரோபோ ஆட்டம் ஆடி ஒரு சோப்பு டப்பா பரிசும் வாங்கினார்.

அப்பாவுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்றுதான் மகன் இன்று அதைப் போட்டான். சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவனுக்கு வேறு எப்படி ஆறுதல் சொல்லத் தெரியும்?

ஞானராஜோ கழுத்துத் துண்டை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் திருச்சியில் ஆபரேஷன். புற்றுநோயோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை. அதை மறைத்து எந்நேரமும் துண்டு.

மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியாது. நோய் என்று தெரிந்தால் மகளின் சம்பந்தம் கைநழுவிவிடும் என்று பயந்த மனைவி அமலராணி, மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வீட்டுக்காரர் பேசாமல் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தாள். மாதாவின் பேரில் பொய் சொன்னதற்குத் தினமும் ஜெபமாலை உருட்டி மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. பெண்ணைப் பெற்றவர் சபையில் வாய்விட்டுச் சொன்னால்தான் தட்டு கைமாறும். அவருக்குப் பதிலாகச் சொல்லப் பெண்ணின் தாய்மாமன் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க மச்சான். பெத்தவரு ஒரு வார்த்த சொல்லட்டும், மாதா கோவிச்சுக்க மாட்டா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. இலுப்பூரில் உரக்கடை வைத்திருக்கும் கலகலப்பான மனிதர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தட்டில் கை வைக்கவில்லை.

மைக் ஞானராஜிடம் வந்தது.

அமலராணி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். மகள் ஜாஸ்பின் தலை நிமிரவில்லை. வாய் திறக்காவிட்டால் மனசில்லாமல் கொடுக்கிறான் என்பார்கள். திறந்தால் குட்டு உடையும். எப்படிப் போனாலும் அடி ஜாஸ்பினுக்குத்தான்.

ஆனாலும் ஒரு பொய்யை நம்பி மகளை அனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தார். கழுத்தில் வைத்து அழுத்தினால் வாயசைப்பு பேச்சாகும். கிணற்றடி மோட்டார் ரூமில், மோட்டாரை ஓடவிட்டு, யார் காதிலும் விழாமல் பழகியிருந்தார்.

துண்டுக்கு உள்ளே கையைக் கொண்டுபோய் அழுத்தினார்.

"எம் மக ஜாஸ்பின... ஒங்க மகனுக்கு... சந்தோசமா... குடுக்குறேன்."

ஏற்ற இறக்கமில்லாத தகரக் குரல் ஜஸ்டினின் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளிலும் அதிர்ந்தது.

பந்தல் ஒரு நொடி திகைத்தது. பிறகு பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு மறுபடியும் ஆடினார்கள். பெரியவர்கள் கைதட்டினார்கள். விசில் பறந்தது. மாப்பிள்ளையின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தப்பித்தோம் என்று அமலராணி மூச்சு விட்டாள்.

"பிரமாதம் சம்பந்தி! பாட்டுல பேசுனவன் மாதிரியே பேசிப்புட்டீங்க. இப்ப ஒங்க சொந்தக் குரல்ல ஒருவாட்டி சொல்லுங்க."

ஞானராஜ் அவரைப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார்.

"இதுதாங்க."

முன்வரிசையில் சிரிப்பு சட்டென்று நின்றது. பின்வரிசையில் இன்னும் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.