ஏழு அறைப் பையும் எலும்புக்கூடும்

காட்டுப்பன்றி வேட்டைக்கு மூன்று நாள் பயணம். மாசாணம் தன் பழைய மூங்கில் சட்டத்தில் ஏழு அறைகள் வைத்த புதுப் பையைக் கட்டி, முதுகில் மாட்டிக்கொண்டான்.

மலையேறும்போது பை ஓயாமல் பேசியது. "தோட்டாவுக்கு ஓர் அறை, தீப்பெட்டிக்கு ஓர் அறை, உப்புக்கு ஓர் அறை. எதைக் கொடுத்தாலும் என்கிட்ட இடம் இருக்கு. உன்கிட்ட என்னடா இருக்கு, எலும்புக்கூடு?"

"ரெண்டு வார் இருக்கு," என்றது சட்டம்.

இரண்டாம் நாள், கூட வந்த மச்சான் இருளப்பன் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். மாசாணம் பையை அவிழ்த்து மரக்கிளையில் தொங்கவிட்டான். மச்சானைச் சட்டத்தின் அடிப்பலகையில் உட்காரவைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டித் தூக்கினான். மூங்கில் ஒருமுறை முனகியது. ஊர் போய்ச் சேரும்வரை அதற்குப்பின் சத்தமே இல்லை.

ஐந்தாம் நாள் மாசாணம் பையை எடுக்க வந்தான். முதுகில் சட்டம் இருந்தது.

"ஆள் பிழைச்சானா?" என்று பை பதறிக் கேட்டது.

"பிழைச்சுட்டான். வழியெல்லாம் உன்னைத்தான் கேட்டான். வெத்தலை உன் மூணாவது அறையில இருக்காமே?" என்றது சட்டம்.

மாசாணம் பையைச் சட்டத்தில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு தோல் பை தொங்கியது. சட்டத்தைப் பார்த்ததும் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருடா இந்த எலும்புக்கூடு?"

"மெதுவாப் பேசு," என்றது ஏழு அறைப் பை. "அண்ணன் தூங்குறாரு."